தழும்பு கூறும் அளவு

கண்ணுக்குப் புலப்படாதவற்றை அளந்தறிதல் அறிவியலின் அருஞ்செயல்களுள் ஒன்றாகும். ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற ஊர்களின் மருத்துவமனைகளில் எக்ஸ்-கதிர்ப் பொறியை இயக்குவோர், மார்பில் சிறு அட்டையொன்றை அணிந்து பணியாற்றுவர். அதனுள் இருக்கும் வட்டத் தகடுகள், தம்மீது படும் கதிர்களின் ஆற்றலைத் தேக்கி வைக்கும். ஆய்வகத்தில் சூடேற்றினால் அதனை ஒளியாக வெளிவிடும். அவ்வொளியைக் கொண்டு, அணிந்தவர் ஏற்ற கதிரளவைக் கணிப்பர்.

ஆயின், விரைந்து செல்லும் நியூட்ரானை அளக்க இவ்வட்டை போதாது. 1932-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் சாட்விக் கண்டறிந்த இத்துகளுக்கு மின்னூட்டம் இல்லை. ஆதலின் அது கனத்த ஈயத்தையும் ஊடுருவிச் செல்லும். உடலினுள் புகுந்தால் ஆங்குள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை மோதித் தள்ளும். உடலில் விடும் ஆற்றல் ஒன்றேயாயினும், 10 இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய நியூட்ரான், காமாக் கதிரினும் ஏறத்தாழ 20 மடங்கு தீங்கு பயக்கும் என்று அறிஞர் கணக்கிட்டுள்ளனர்.

நம் மாநிலத்துக் கல்பாக்கத்தில் 1985-ஆம் ஆண்டில் சோதனை ஈனுலை இயங்கத் தொடங்கியது. இத்தகைய உலைகளிலும் நியூட்ரான் மூலங்களின் அருகிலும் பணிபுரிவோரைக் காப்பது எவ்வாறு?

மூக்குக்கண்ணாடி வில்லை செய்யப் பயன்படும் சி.ஆர்.-39 என்னும் பிளாஸ்டிக்கே இதற்கு உதவிற்று. துகள்களின் தடத்தை அது காட்டவல்லது என்பது 1978-இல் வெளியாயிற்று. நியூட்ரான் அதிலுள்ள ஹைட்ரஜன் கருவை மோதும். உந்தப்பட்ட கரு, தான் செல்லும் வழியெல்லாம் பிளாஸ்டிக்கின் மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுக்கும். அத்தழும்பு மிக நுண்ணியது. எனவே தகட்டைச் சூடான காரக் கரைசலில் பல மணி நேரம் இடுவர். தழும்புற்ற இடம் பிற இடங்களினும் விரைந்து கரைந்து குழியாகும். அக்குழிகளை நுண்ணோக்கியால் எண்ணி, நியூட்ரான் அளவைக் கணிப்பர். ஒளியும் எக்ஸ்-கதிரும் காமாக் கதிரும் அதில் குழி உண்டாக்கா. மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் பணியாளரைக் கண்காணிக்க இம்முறையைக் கையாண்டு வருகிறது.

இங்ஙனம் கணித்த அளவை, பிற கதிர்களின் அளவோடு கூட்டிப் பார்ப்பர். நம் நாட்டு விதிப்படி, ஒரு பணியாளர் ஏற்கும் மொத்த அளவு ஐந்தாண்டுகளில் 100 மில்லி சீவர்ட்டையும், எந்த ஓராண்டிலும் 30 மில்லி சீவர்ட்டையும் கடத்தலாகாது.

மாணவர்களே! இத்தகடு கவசமன்று, நேர்ந்ததை உரைக்கும் சான்றேயாகும். அணியாது மேசையில் வைத்துச் சென்றவனுக்கு அது மேசையின் கணக்கையே கூறும். ஆகவே கருவியின் நுட்பத்தோடு, அதனைத் தவறாது அணியும் ஒழுங்கும் சேர்ந்தாலன்றி உழைப்பவர் உயிர்க்குக் காவல் இல்லை.