எட்ட நின்று கிட்டப் பார்த்தல்

ராஜஸ்தான் மாநிலத்தில், பரத்பூர் நகரை ஒட்டிக் கேவலாதேவ் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டரே. புலிகள் காப்பகங்களின் பரப்போடு ஒப்பிட்டால் அதனை ஒரு கொல்லைப்புறம் என்றே சொல்லலாம். ஆயினும் அச்சிறு நிலத்தில் 350-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் காணப்பட்டுள்ளன. 1985ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. பார்வையாளர்கள் நடந்தும், மிதிவண்டியிலும், ரிக்‌ஷாவிலும் அங்கே சுற்றி வருகின்றனர். ரிக்‌ஷா ஓட்டுநர்களுள் பலர், பறக்கும் பறவையின் சிறகடிப்பைக் கண்டே அதன் பெயரைச் சொல்லிவிடும் தேர்ச்சி உடையவர்கள்.

இந்நீர்நிலை ஒரு காலத்தில் மன்னர்களின் வேட்டைக்களமாக இருந்தது. 1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், அன்றைய வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் வேட்டைக் குழுவினர் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். அக்கணக்கு அங்கே கல்லில் பொறிக்கப்பட்டு இன்றும் நிற்கிறது. துப்பாக்கி ஏந்தியவர்கள் நின்ற கரைகளில் இன்று கேமரா ஏந்தியவர்கள் நிற்கின்றனர். கேமரா உயிரைப் பறிப்பதில்லை என்பது உண்மை. அது தீங்கே செய்வதில்லை என்பது முழு உண்மையன்று. தீங்கு நேர்வதும் நேராததும் பெரும்பாலும் ஒன்றைப் பொறுத்தே அமைகின்றன. அது, படம் எடுப்பவர் எவ்வளவு தொலைவில் நிற்கிறார் என்பது.

பனி மூடிய ஒரு மார்கழிக் காலையில் பள்ளி மாணவி ஒருத்தி அக்கரையில் நிற்கிறாள் எனக் கொள்க. அவள் கையில் இருப்பது 300 மி.மீ. குவியத் தூரமும் எஃப் 4 துளையும் கொண்ட லென்ஸ். எதிரே 60 மீட்டர் தொலைவில் ஒரு சாரசக் கொக்கு நிற்கிறது. பறக்கும் பறவைகளுள் மிக உயரமானது அது. தலை நிமிர்ந்தால் ஆளுயரம் இருக்கும். இங்கே அதன் உயரத்தை 160 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். கேமராவினுள் ஒளி விழும் உணரித் தகட்டின் உயரம் 24 மி.மீ. அதில் கொக்கின் உருவம் 8 மி.மீ. அளவே விழும். அதாவது சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு கொக்கு. எஞ்சியதெல்லாம் பனியும் நீரும்.

உருவம் இரு மடங்காக வேண்டுமாயின் அவள் 30 மீட்டர் வரை நெருங்க வேண்டும். கரையை விட்டு நீரில் இறங்காமல் அது இயலாது. இறங்கினாலோ கொக்கு அங்கே நிற்காது.

இந்நிலையில் உதவும் கருவியே டெலிகன்வர்ட்டர். உள்ளங்கையில் அடங்கும் உருளை வடிவினது. கேமராவின் உடலுக்கும் லென்ஸுக்கும் இடையே பொருத்தப்படுவது. தனியே வைத்துப் படம் எடுக்க அதனால் இயலாது. அதனுள் இருக்கும் ஆடித் தொகுதி மொத்தத்தில் ஒரு குழிலென்ஸாகச் செயல்படுகிறது. முன்னுள்ள லென்ஸ் குவித்து அனுப்பும் ஒளிக்கதிர்களைச் சற்றே விரித்து, உருவத்தைப் பெரிதாக்கி உணரியின்மேல் விழச் செய்கிறது. இக்கருத்து புதியதன்று. ஆங்கிலேயக் கணித அறிஞர் பீட்டர் பார்லோ 1830களிலேயே தொலைநோக்கிக்கென இத்தகைய ஆடியை வகுத்தார். வானத்தை நோக்குவோர் இன்றும் அதனைப் பார்லோ லென்ஸ் என்றே அழைக்கின்றனர். லென்ஸின் முன்முகத்தில் திருகி மாட்டும் மலிவான உருப்பெருக்கிகளும் இதே பெயரில் கடைகளில் விற்கப்படுகின்றன. இப்பாடம் பேசுவது அவற்றையன்று.

டெலிகன்வர்ட்டர்களுள் 1.4 மடங்கும் 2 மடங்கும் மிகுதியாக வழங்குவன. முன்னதைப் பொருத்தினால் மாணவியின் 300 மி.மீ. லென்ஸ் 420 மி.மீ. ஆகும்; கொக்கு 11 மி.மீ. உயரம் பெறும். பின்னதைப் பொருத்தினால் 600 மி.மீ. ஆகும், கொக்கு 16 மி.மீ. உயர்ந்து சட்டத்தில் மூன்றில் இரு பங்கை நிரப்பும். அவள் ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை. கொக்கும் கழுத்தைத் திருப்பவில்லை.

இதற்கு விலை உண்டு. அவ்விலை ஒளியாகச் செலுத்தப்படுகிறது.

லென்ஸின் குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப் எண். மாணவியின் லென்ஸில் துளையின் விட்டம் 75 மி.மீ.; ஆகவே 300-ஐ 75-ஆல் வகுக்க 4 கிடைக்கிறது. டெலிகன்வர்ட்டர் குவியத் தூரத்தைத்தான் கூட்டுகிறது. துளையை ஒரு மயிரிழையும் அகலப்படுத்துவதில்லை. எனவே 420-ஐ 75-ஆல் வகுத்தால் 5.6, 600-ஐ வகுத்தால் 8. ஒரே அளவு மாவை அகலமாகத் தேய்த்தால் சப்பாத்தி மெலிகிறது அன்றோ? அவ்வாறே, நுழைந்த அதே ஒளி பெரிய பரப்பில் பரவும்போது மெலிகிறது. 1.4 மடங்கில் ஒளி பாதியாகிறது. 2 மடங்கில் கால் பங்காகிறது. ‘இரண்டு மடங்குதானே, பாதி ஒளி போதுமே’ என்று மயங்குவோர் பலர். உருவம் உயரத்திலும் அகலத்திலும் இரட்டிப்பதால் பரப்பு நான்கு மடங்காகிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

பனிக்காலையில் இக்கணக்கு எவ்வாறு உறுத்துகிறது என்பதைக் காண்க. வெறும் லென்ஸுடன், ஐ.எஸ்.ஓ. 800 என்ற உணர்திறனில், மாணவிக்கு ஒரு வினாடியில் 500இல் ஒரு பங்கு ஷட்டர் நேரம் கிடைத்தது எனக் கொள்க. 2 மடங்கு டெலிகன்வர்ட்டரைப் பொருத்தியதும் அது 125இல் ஒரு பங்காக நீள்கிறது. ஆனால் உருவம் பெரிதாகும்போது கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகிறது. கையில் ஏந்தி எடுப்போர், குவியத் தூரம் எத்தனை மில்லிமீட்டரோ, வினாடியின் அத்தனையில் ஒரு பங்கினும் நீளாத ஷட்டர் நேரத்தை வைத்துக்கொள்வது பழைய வழக்கம். 300 மி.மீ. லென்ஸுக்கு 300இல் ஒரு பங்கு போதும், 600 மி.மீ. ஆனபின் 600இல் ஒரு பங்கு வேண்டும். வேண்டுவது கூடுகிறது; கிடைப்பது குறைகிறது. அதிர்வுத் தடுப்பு வசதி உள்ள லென்ஸ்கள் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பும். ஆனால் அவ்வசதி தடுப்பது படம் எடுப்பவரின் கை நடுக்கத்தை மட்டுமே. தலையைச் சொடுக்கி மீனைக் கவ்வும் கொக்கின் அசைவை அது தடுக்காது. எஞ்சும் வழிகள் இரண்டு: உணர்திறனை ஐ.எஸ்.ஓ. 3200-க்கு உயர்த்திப் படத்தில் புள்ளிப்புள்ளியாக எழும் இரைச்சலைப் பொறுத்துக்கொள்வது. அல்லது முக்காலியை ஊன்றி, கொக்கு அசையாது நிற்கும் கணத்திற்குக் காத்திருப்பது.

தானியங்கிக் குவியமைப்பும் ஒளியை நம்பியே இயங்குகிறது. கண்ணாடி மடிந்தெழும் பழைய வகைக் கேமராக்களில் பல, எஃப் 5.6-க்கு மேல் குவியத்தைத் தேடித் தடுமாறும். சில, எஃப் 8 வரை நடுப்புள்ளியில் மட்டும் தாங்கும். கண்ணாடியில்லாப் புதுவகைக் கேமராக்கள் இவ்வகையில் பெரிதும் தேறியுள்ளன. ஆயினும் தொடக்க நிலையினர் வாங்கும் 70–300 மி.மீ. லென்ஸ்கள் பலவற்றில் நீட்டிய நிலையில் துளை எஃப் 5.6 ஆகவே இருக்கும். அதனுடன் 2 மடங்கு சேர்ந்தால் எஃப் 11. வைகறையில் அது இருட்டறைக்குள் ஊசி கோப்பதை ஒக்கும். மேலும், டெலிகன்வர்ட்டர்கள் பலவற்றின் முன்னாடி சற்று நீண்டு, லென்ஸின் பின்வாயினுள் நுழைவது. அதற்கு இடம் விடாத லென்ஸில் வலிந்து பொருத்தினால் ஆடியோடு ஆடி உரசும். ஆகவே வாங்குமுன், தன் லென்ஸுக்கு அது பொருந்தும் எனத் தயாரித்த நிறுவனமே கூறியுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். இக்கவலையே வேண்டாம் என்பதற்காகக் கேனான் நிறுவனம் 2013ஆம் ஆண்டில், 1.4 மடங்குப் பெருக்கியை உள்ளேயே அடக்கிய 200–400 மி.மீ. லென்ஸை வெளியிட்டது; நெம்புகோலைத் தட்டினால் பெருக்கி ஒளிப்பாதையில் வந்து நிற்கும். அதன் விலை பள்ளி மாணவர்களின் பேச்சுக்கு அப்பாற்பட்டது.

இவ்வளவு இடர் எதற்கு? வெறும் லென்ஸில் எடுத்துவிட்டுக் கணினியில் ஓரங்களை வெட்டிக்கொண்டால் ஆகாதா? நியாயமான வினா. இரண்டரைக் கோடிக்குச் சற்றே குறைய, 240 இலட்சம் படப்புள்ளிகள் கொண்ட படத்தில் 2 மடங்குப் பெருக்கத்திற்கு ஈடாக வெட்டினால் எஞ்சுபவை 60 இலட்சம். நாட்காட்டி அளவில் அச்சிட அது போதலாம். இறகின் நரம்பைக் காட்ட அது போதாது. டெலிகன்வர்ட்டரோ 240 இலட்சம் புள்ளிகளையும் கொக்கின்மேல் செலவிடுகிறது. ஆனால் அது உருவத்தை மட்டுமன்றி, லென்ஸின் குறைகளையும் சேர்த்தே பெருக்குகிறது. மங்கிய லென்ஸின் பின்னே அதனைப் பொருத்துவது, தப்பும் தவறுமான கையெழுத்தைப் பெரிய எழுத்தில் படியெடுப்பது போன்றது. நல்ல லென்ஸும் போதிய ஒளியும் இருப்பின் 1.4 மடங்கு வெட்டுதலை வெல்லும். 2 மடங்கைப் பற்றி அவ்வளவு துணிந்து கூறுவதற்கில்லை. பழகியவர்கள் முதலில் வாங்குவது 1.4-ஐயே என்பதில் வியப்பில்லை.

பலரும் கவனியாத நன்மை ஒன்றும் உண்டு. டெலிகன்வர்ட்டரைப் பொருத்தினாலும் லென்ஸ் குவிக்கக்கூடிய மிகக் குறைந்த தொலைவு மாறுவதில்லை. ஒன்றரை மீட்டரில் குவியும் லென்ஸ் அதே ஒன்றரை மீட்டரில் குவியும். உருவம் மட்டும் பெரிதாகும். கரையோரப் புல்லில் அமர்ந்த தும்பியை அது எழுந்து பறக்காத தொலைவிலிருந்தே சட்டம் நிறைய எடுக்கலாம்.

தும்பி பறந்துவிட்டால் இழப்பு படம் எடுப்பவருக்கு மட்டுமே. கூட்டிலிருந்து பறவை எழுந்தால் அவ்வாறன்று. கேவலாதேவின் நீருக்குள் மேடிட்ட திட்டுகளில் கருவேல மரங்கள் நிற்கின்றன. மழைக்காலம் முடியும் தறுவாயில் அவற்றின் உச்சிகளில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூட்டங்கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. குஞ்சு பொரித்த பின் தாய் நாரை நண்பகல் வெயிலில் சிறகை விரித்துக் குடையாக நிற்கும். அஞ்சி அது எழுந்துவிட்டால், இறகு முளையாத குஞ்சுகளின் மேல் வெயில் நேரே விழும். மூடப்படாத முட்டையைக் காகம் எளிதில் கண்டுகொள்ளும். படம் எடுத்தவர் வீடு திரும்பிவிடுவார். அவர் எடுத்த படத்திலும் அவ்விழப்பு தென்படாது. சாரசக் கொக்கோ நீர் தேங்கிய தரையிலேயே கூடு கட்டுவது. பெரும்பாலும் இரண்டே முட்டைகள் இடுவது. அதனிடம் 30 மீட்டர் நெருங்குவதற்கும் 60 மீட்டரில் நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை மில்லிமீட்டரில் அளக்க இயலாது.

தொலைவை வெல்லும் இக்கருவிக்கும் எல்லை உண்டு. பனி விலகி வெயில் ஏறியபின் நீர்ப்பரப்புக்கும் தரைக்கும் மேலே காற்று நெளியத் தொடங்கும். அந்நெளிவின் ஊடே வரும் உருவமும் நெளிந்தே வரும். எத்தனை மடங்கு பெருக்கினாலும் நெளிவுதான் பெருகும். அவ்வேளையில் தேர்ந்த ஒளிப்படக் கலைஞர் டெலிகன்வர்ட்டரைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, நீரும் மரமும் வானும் சேர்ந்த அகன்ற காட்சியில் பறவையை ஒரு சிறு புள்ளியாக வைத்து எடுப்பார். அதுவும் நல்ல படமே.

சைபீரியக் கொக்குகள் முன்னர் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இங்கே வந்தன. கடைசி இணை காணப்பட்டது 2001–02ஆம் ஆண்டின் குளிர்காலத்தில். அவற்றின் வெண்ணிறப் படங்கள் பழைய நூல்களில் உள்ளன. அவற்றுள் பல தொலைவிலிருந்து எடுக்கப்பட்டவை, சற்றே மங்கலானவை. மாணவியின் சாரசக் கொக்கு இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது. அவள் முக்காலியை ஊன்றி, 1.4 மடங்கைப் பொருத்திக்கொண்டு, பனி சற்று மெலியக் காத்திருக்கிறாள்.

சொல்லறிவோம்

‘தொலை’ என்னும் சொல்லைக் கூர்ந்து நோக்குக. தொலைவு, தொலைபேசி, தொலைநோக்கி ஆகியவற்றில் அது தூரத்தைக் குறிக்கிறது. ‘பேனா தொலைந்தது’ என்னும்போது இழப்பைக் குறிக்கிறது. ‘வேலை தொலைந்தது’ என்று சலிப்போடு சொல்லும்போது முடிவைக் குறிக்கிறது. தூரம் சென்றது கண்ணுக்கு மறைவதால் இப்பொருள்கள் உறவுடையனவாய்த் தோன்றுகின்றன.

குவியத் தூரம் – லென்ஸுக்கும் அது ஒளியைக் குவிக்கும் இடத்திற்கும் இடைப்பட்ட தூரம்
உணரி – ஒளியை மின்குறிகளாக மாற்றும் தகடு
தறுவாய் – நேரம், சமயம்
வைகறை – விடியலுக்கு முந்தைய பொழுது

பயிற்சி

1. டெலிகன்வர்ட்டரைப் பொருத்தும்போது எஃப் எண் ஏன் கூடுகிறது? சப்பாத்தி உவமையைப் பயன்படுத்தாமல் விளக்குக.

2. 200 மி.மீ., எஃப் 2.8 லென்ஸுடன் 2 மடங்கு டெலிகன்வர்ட்டரைப் பொருத்தினால் குவியத் தூரமும் எஃப் எண்ணும் எவ்வளவு ஆகும்? துளையின் விட்டத்தையும் கணக்கிடுக.

3. ‘அன்று’, ‘அல்ல’ என்பவற்றுள் பொருத்தமானதை இட்டு நிரப்புக.
அ) கேமரா துப்பாக்கி ______.
ஆ) அப்பறவைகள் நாரைகள் ______.

4. மழைக்கால இறுதியில் கேவலாதேவுக்கு வந்த ஒருவர், நாரைக் கூட்டை நெருங்கிப் படம் எடுக்கத் தம்மைப் படகில் அழைத்துச் செல்லுமாறு உள்ளூர் வழிகாட்டியிடம் வற்புறுத்துகிறார். அவரிடம் 300 மி.மீ. லென்ஸும் 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டரும் உள்ளன. இருவருக்கும் இடையே நிகழும் உரையாடலைப் பன்னிரண்டு வரிகளில் எழுதுக. வழிகாட்டி கோபப்படலாகாது.