உத்தியும் ஏலமும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

வீரரின் திறனுக்கு விலை குறிக்கப்படும் காலம் இது. ஏலத்தில் உயர்ந்த விலைக்கு எடுக்கப்பட்டவரே களத்திலும் உயர்ந்தவராக விளங்குகிறாரா? கபடியின் தடுப்பாட்டக்காரர்களை முன்வைத்து இவ்வினாவிற்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் ஊர்களில் சடுகுடு ஆடச் சிறுவர்கள் கூடினால் முதலில் நடப்பது உத்தி பிரித்தல். இருவர் தலைவர்களாக நிற்பர். மற்றவர்களுள் ஏறத்தாழ ஒத்த வலிமை உடையோர் இருவர் இருவராக இணைந்து, சற்றுத் தொலைவு சென்று தமக்குப் புனைபெயர் வைத்துக்கொள்வர். ஒருவர் ‘மத்தாப்பு’ என்றால் மற்றவர் ‘புஸ்வாணம்’. தோளில் கைபோட்டபடி திரும்பி வந்து, “மத்தாப்பு வேண்டுமா, புஸ்வாணம் வேண்டுமா?” என்று கேட்பர். தலைவர் ஒரு பெயரைச் சொல்வார். அப்பெயருக்கு உரியவர் அவரது அணிக்குச் செல்வார். மற்றவர் எதிரணிக்குச் செல்வார். யார் கிடைப்பார் என்பது கேட்கும்வரை தலைவருக்குத் தெரியாது. இணைந்து வந்த இருவரும் ஒத்த திறனுடையவர்கள் ஆதலால் அணிகளும் சமநிலையில் அமைந்துவிடும்.

இன்று அதே ஆட்டம் தொழில்முறைப் போட்டியாக வளர்ந்துள்ளது. 2014ஆம் ஆண்டு தொடங்கிய புரோ கபடி லீக்கில் வீரர்கள் ஏலத்தின் வழியே அணிகளுக்குச் செல்கின்றனர். அவர்கள் நான்கு பிரிவுகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவிற்கும் அடிப்படை விலை அறிவிக்கப்படுகிறது. அணிகள் போட்டியிட்டு அவ்விலையை உயர்த்துகின்றன. இங்குப் புனைபெயர் இல்லை. வீரரின் பெயர், வயது, ஆடிய ஆட்டங்கள், பெற்ற புள்ளிகள் அனைத்தும் அணி நிருவாகத்தினர் கையில் உள்ளன. அவ்வாறாயின் அவர்களது கணிப்புத் தவறாமல் பலிக்க வேண்டும் அன்றோ?

விலை எதனை அளக்கிறது?

விருதுநகர்ச் சந்தையின் விலைநிலவரத்தை நாளேடுகளில் கண்டிருப்பீர்கள். மிளகாய் வற்றல், மல்லி, உளுந்து, எண்ணெய் எனப் பல பொருள்களுக்கு இச்சந்தை நீண்ட காலமாகப் பெயர்பெற்றது. வற்றல் மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, நிறத்தையும் காரத்தையும் காய்ந்த பதத்தையும் பார்த்து வணிகர் விலை கூறுவார். அக்கைப்பிடி முழு மூட்டைக்கும் சான்றாகும். நாளை அம்மூட்டை தன் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை.

வீரர் அத்தகையவர் அல்லர். அவரிடம் எடுத்துப் பார்க்கக் கிடைக்கும் மாதிரி, அவரது கடந்த காலம். அணி வாங்குவதோ அவரது எதிர்காலம். இரண்டிற்கும் இடையே காயம், வயது, புதிய பயிற்றுநர், புதிய தோழர்கள் எனப் பல உள்ளன. எனவே ஏலத்தொகை ஒரு வீரரின் தகுதிக்கான சான்றிதழ் அன்று. அவரைப் பற்றிய எதிர்பார்ப்பின் அளவே ஆகும். ஒரே வீரரை இரண்டு அணிகள் விரும்பினால் அவர் திறன் கூடாமலே விலை கூடுகிறது. யாருக்கும் அவ்விடத்தில் ஆள் தேவையில்லை எனில் திறன் குறையாமலே விலை குறைகிறது.

சங்கிலியின் கண்ணிகள்

கபடியில் ஓர் அணியின் எழுவர் களத்தில் நிற்பர். எதிரணியிலிருந்து பாடி வருபவருக்கு 30 நொடிகள் உண்டு. அதற்குள் அவரைத் தம் எல்லையிலேயே மடக்குவது தடுப்பாட்டக்காரர் கடமை. இரு ஓரங்களிலும் நிற்பவர் ‘கார்னர்’. அவர்களுக்கு உட்புறமாக நிற்பவர் ‘கவர்’. பெரும்பாலும் கார்னர் காலைப் பற்றுவார். பாடி வந்தவர் உதறித் திரும்பும் நொடியில் கவர் பாய்ந்து வழியை அடைப்பார். கைகோத்து நிற்கும் இவ்வமைப்பைச் ‘சங்கிலி’ என்பர்.

சரவெடியின் அமைப்பைச் சிவகாசி வட்டாரத்து மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வெடியின் திரியும் அடுத்ததோடு பின்னப்பட்டிருக்கும். இடையில் ஒரு திரி நமுத்துப்போனால் அதற்கு அப்பால் உள்ளவை நல்ல வெடிகளாக இருந்தும் வெடிப்பதில்லை. தடுப்பாட்டமும் அவ்வாறே. ஒருவர் அரை நொடி முந்திப் பாய்ந்தாலும் மற்றவர் அரை நொடி தயங்கினாலும் பாடி வந்தவர் தப்பிவிடுவார். அவர் தொட்டவர் அனைவரும் வெளியேற நேரிடும்.

ஆயினும் ஒரு பிடிக்கான புள்ளி அதனை முன்னின்று நிகழ்த்தியவர் பெயரிலேயே பதிவாகிறது. வழியை அடைத்துத் துணைநின்றவர் புள்ளிப்பட்டியலில் மறைந்துபோகிறார். ஏலம் தனியொருவருக்கு விலை வைக்கிறது. வெற்றியோ கோத்த கைகளில் பிறக்கிறது. பாடிச் செல்பவரின் திறனைக் காட்டிலும் தடுப்பாட்டக்காரரின் திறனை முன்கூட்டி மதிப்பிடுவது கடினமாவதற்கு இதுவே முதற்காரணம்.

மூன்று பருவங்கள் கூறும் செய்தி

2021ஆம் ஆண்டு நடைபெற்ற ஏலத்தில் ஈரான் நாட்டு இளைஞர் முகமதுரேசா ஷாட்லூயியைப் பாட்னா பைரேட்ஸ் அணி 31 இலட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அவ்வேலத்தின் உச்ச விலை, பாடிச் செல்வதில் புகழ்பெற்ற பர்தீப் நர்வாலுக்குக் கிடைத்த 1.65 கோடி ரூபாய். அந்த எட்டாம் பருவத்தில் ஷாட்லூயி 89 பிடிப்புள்ளிகள் பெற்றுத் தடுப்பாட்டக்காரர்களுள் முதலிடம் அடைந்தார். அடுத்து வந்த ஒன்பதாம் பருவத்தில் முதலிடம் பெற்றவர், கோப்பையை வென்ற ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸ் அணியின் அங்குஷ். அவர் அப்பருவத்தில்தான் அறிமுகமானவர். அவர் பெற்றவையும் 89 புள்ளிகளே.

2023ஆம் ஆண்டு ஏலத்தில் ஷாட்லூயியின் விலை 2.35 கோடி ரூபாயாக உயர்ந்தது. புனேரி பல்டன் அணி அவரை எடுத்தது. பத்தாம் பருவத்தில் அவர் 99 பிடிப்புள்ளிகள் பெற்று மீண்டும் முதலிடம் அடைந்தார். அணியும் கோப்பையை வென்றது. ஆக, மூன்று பருவங்களின் முதல்வர்களுள் ஒருவர் நடுத்தர விலைக்கும், ஒருவர் புதுமுகமாகவும், ஒருவர் உச்சத்தை ஒட்டிய விலைக்கும் வந்தவர். ஷாட்லூயியின் விலை ஏறத்தாழ ஏழரை மடங்கு உயர்ந்தது; புள்ளிகளோ 89இலிருந்து 99 ஆயின. விலை பொய்யன்று, ஆனால், அது திறனைத் தொடர்ந்து காலம் தாழ்த்தியே வருகிறது.

அதே 2023ஆம் ஆண்டு ஏலத்தில் எல்லாரினும் கூடுதலாக, 2.605 கோடி ரூபாய்க்குத் தெலுகு டைட்டன்ஸ் அணியால் எடுக்கப்பட்டவர் பவன் செராவத். தனித்திறனில் அவர் குறைந்தவர் அல்லர். எனினும் அப்பருவத்தில் அவ்வணி புள்ளிப்பட்டியலின் கடைசி இடத்தையே பெற்றது. புனேரி அணியிலோ ஷாட்லூயியுடன் சங்கேத் சாவந்த், கௌரவ் காத்ரி, தமிழ்நாட்டைச் சேர்ந்த வலது கவர் அபினேஷ் நடராஜன் ஆகியோர் வலுவான சங்கிலியாக நின்றனர். ஒரே ஏலத்தின் மிகப்பெரும் விலைகள் இரண்டுள் ஒன்று கோப்பைக்கும் மற்றொன்று கடைசி இடத்திற்கும் சென்றதன் பொருள் இங்கே விளங்கும்.

தலைவர் இல்லாத தலைவாஸ்

இதற்கு ஓராண்டு முன்னர், 2022ஆம் ஆண்டு ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்திருந்தது. அக்டோபர் மாதம் பெங்களூருவில் நடைபெற்ற முதல் ஆட்டத்திலேயே, எதிரணி வீரரைப் பிடிக்க முயன்றபோது அவர் முழங்காலில் காயமுற்றார். அப்பருவம் முழுவதும் அவரால் ஆட இயலவில்லை. 2017ஆம் ஆண்டு லீக்கில் நுழைந்ததுமுதல் ஒருமுறையும் இறுதிச்சுற்றுகளை எட்டாத அணி அது. அதன் கதை அன்றோடு முடிந்தது எனப் பலர் எண்ணினர்.

நிகழ்ந்தது வேறு. வலது கார்னரில் ஆடிய சாகர் தலைமைப் பொறுப்பேற்றார். சாஹில் குலியா, மோஹித், எம். அபிஷேக், ஹிமான்ஷு எனத் தடுப்பில் நின்றவர் எவரும் கோடியில் விலைபோனவர் அல்லர். பாடிச் சென்றவர்களுள் அறிமுக வீரர் நரேந்தர் 200க்கும் மேற்பட்ட புள்ளிகள் குவித்தார். தமிழ் தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதியை எட்டிப் புனேரி பல்டனிடம் மிகக் குறைந்த வேறுபாட்டிலேயே தோற்றது. விலையுயர்ந்த வீரரின் இழப்பு ஓர் அணிக்கு நன்மை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. வாய்ப்புக் கிடைக்கும்வரை சிலரது திறன் வெளிப்படுவதே இல்லை என்பதே இதன் பாடம்.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்கக் கால்பந்தில் ஏலம் இல்லை. வரிசைமுறைத் தேர்வு உண்டு. முந்தைய ஆண்டில் பின்தங்கிய அணி முதலில் தேர்ந்தெடுக்கும். ஏழு சுற்றுகளாக இத்தேர்வு நடைபெறும். தடுப்பு வரிசையின் பின்காவலராக நிற்பவர் ‘சேஃப்டி’ எனப்படுவார். 2010ஆம் ஆண்டுத் தேர்வில் சியாட்டில் சீஹாக்ஸ் அணி ஏர்ல் தாமஸ் என்பவரை 14ஆவது தேர்வாகவும், கேம் சான்சலர் என்பவரை 133ஆவது தேர்வாகவும் எடுத்தது. இருவரும் சேஃப்டிகள். 2014 பிப்ரவரியில் அவ்வணி சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் 43–8 என்ற புள்ளிக்கணக்கில் வென்றபோது இருவரும் தடுப்பின் தூண்களாக நின்றனர்.

வாய்ப்பு என்னும் மறைபொருள்

முன்வரிசையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் சராசரியாகக் கூடுதல் ஆட்டங்கள் ஆடுகின்றனர் என்பது உண்மை. ஆனால், இவ்வுண்மையை ஆராய்ந்து ஏற்க வேண்டும். பெருந்தொகை கொடுத்து எடுத்த வீரர் இரண்டு ஆட்டங்களில் தடுமாறினாலும் அணி அவரை மூன்றாம் ஆட்டத்திலும் இறக்கும். கொடுத்த பணம் அவ்வாறு செய்யத் தூண்டும். குறைந்த விலைக்கு வந்தவர் ஒருமுறை தவறினால் இருக்கையில் அமர்த்தப்படுவார். ஆட்டங்கள் மிகுந்தால் புள்ளிகளும் மிகும். பின்னர் அப்புள்ளிகளே ‘உயர்ந்த விலைக்கு உரியவர்தாம் இவர்’ என்பதற்குச் சான்றாகக் காட்டப்படும். ஆகவே, விலைக்கும் வெற்றிக்கும் இடையே காணப்படும் உறவில் ஒரு பகுதி திறனால் அமைந்தது. மற்றொரு பகுதி வாய்ப்பால் அமைந்தது. இரண்டையும் பிரித்தறிவதே ஆய்வு மனப்பான்மை.

காலமும் விலையின் கணக்கைப் பொய்யாக்குவது உண்டு. விளையாட்டில் வயது ஏற ஏற மதிப்புக் குறையும் என்பர். தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் 1975ஆம் ஆண்டு பிறந்தவர். வலது கார்னர் ஆட்டக்காரர். 2016ஆம் ஆண்டு நான்காம் பருவக் கோப்பையைப் பாட்னா பைரேட்ஸ் வென்றபோது அதன் தலைவர் அவரே. அப்போது அவருக்கு வயது 41. அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் அவர் இடம்பெற்றார். பாடி வருபவரின் காலடியைப் படிக்கும் கண், ஓட்டம் குறைந்தபின்னும் கூர்மை இழப்பதில்லை.

நம் களம்

உங்கள் பள்ளியிலும் அணித்தேர்வு நடைபெறுகிறது. ஒருநாள் மாலையில், அரைமணி நேர ஆட்டத்தில், சிலர் எடுக்கப்படுகின்றனர், பலர் விடப்படுகின்றனர். விடுமுறை நாளில் தாய்க்கு உதவியாகத் தீப்பெட்டி ஒட்டிவிட்டுக் களைப்போடு வந்த மாணவர் அன்று நன்றாக ஆடாமல் போயிருக்கலாம். அந்த அரைமணி நேரம் அவரை முழுமையாக அளந்துவிடாது. தேர்ந்தெடுப்போர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். மறுவாய்ப்பு அளிப்பது இரக்கத்தால் செய்யும் உதவி அன்று, கணிப்பில் நேரும் பிழையைத் திருத்தும் முறை. விடப்பட்டவரும் நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தேர்வுப் பட்டியல் அன்றைய நாளின் கருத்து. அடுத்த நாளின் ஆட்டம் இன்னும் எழுதப்படவில்லை.

உத்தி பிரித்த சிறுவர்கள் வீரரின் எதிர்காலத்தைக் கணிக்க முற்படவில்லை. கிடைத்தவரைத் தம்மவராக ஏற்று, கைகோத்து நின்று ஆடினர். ஏலத்தின் காலத்திலும் தடுப்பாட்டம் வெல்வது அந்தக் கைகோப்பினால்தான்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் வழங்கும் உத்தி பிரித்தல் முறையையும் அதில் பயன்படும் பெயர்களையும் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுக்க.
2. பள்ளிக் கபடி அணியின் மூன்று ஆட்டங்களைக் கண்டு, ஒவ்வொரு பிடியிலும் துணைநின்றவர் பெயரையும் குறித்துப் பட்டியல் உருவாக்குக. புள்ளிப்பட்டியலோடு அதனை ஒப்பிடுக.

குறுவினா

1. உத்தி பிரித்தலில் அணிகள் சமநிலை பெறுவது எவ்வாறு?
2. கார்னர், கவர் – கடமைகளை வேறுபடுத்துக.

சிறுவினா

‘விலை திறனைத் தொடர்ந்து காலம் தாழ்த்தியே வருகிறது’ – ஷாட்லூயியின் விலையையும் புள்ளிகளையும் கொண்டு விளக்குக.

நெடுவினா

விலைக்கும் வெற்றிக்கும் உள்ள உறவில் திறனின் பங்கையும் வாய்ப்பின் பங்கையும் பாடக்கருத்துகளின்வழி ஆராய்க.