கூழா, கைத்துண்டா? இரண்டு பிள்ளைகளுக்கு ஊட்டிப் பார்த்ததில்

என் இரண்டு பிள்ளைகளும் சாப்பிடக் கற்றுக்கொண்ட வழி வேறு வேறு. மூத்தவள் நாகர்கோவிலில் அம்மா வீட்டில் ஏத்தங்காய்ப் பொடிக் கூழில் தொடங்கினாள். இளையவன் ஈரோட்டில் மாமியார் வீட்டில், என் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வெந்த பரங்கிக்காய்த் துண்டைத் தானே கையில் பிடித்துச் சப்பித் தொடங்கினான். நாத்தனார் தன் குழந்தைக்கு டப்பா மாவு கரைத்துக் கொடுத்ததையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். புதிதாகத் தாயான தோழிகள் என்னிடம் அதிகம் கேட்பது, இந்த மூன்றில் எது நல்லது என்றுதான். எந்த முறையிலும் குழந்தை நன்றாக வளரும், எந்த முறையிலும் சத்தில்லாமலும் போகும் என்பதே நான் கண்டது. உணவு எவ்வளவு கெட்டி, அதில் இரும்புச் சத்து உண்டா, போதும் என்று குழந்தை முகத்தைத் திருப்பும்போது நாம் நிறுத்துகிறோமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தொடங்கும் காலத்தைப் பற்றிக் குழப்பம் வேண்டாம். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் திட உணவு, கூடவே இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் வீடுகளில் பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதம், ஆண் குழந்தைக்கு இரட்டைப்படை மாதம் என்று நாள் பார்த்துச் சோறு ஊட்டுவார்கள். ஐந்தாம் மாதத்தில் நாள் குறித்துவிட்டால், கோயிலில் உதட்டில் ஒரு பருக்கை தொட்டு வைத்துச் சடங்கை முடித்துக்கொள்ளலாம். உண்மையான சாப்பாடு ஆறு முடிந்த பிறகு போதும். தலை நிற்க வேண்டும், கொஞ்சம் தாங்கினால் உட்கார வேண்டும், வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளுவது குறைந்திருக்க வேண்டும். இவை வந்துவிட்டால் குழந்தை தயார்.

அம்மா வீட்டு முறையை முதலில் சொல்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் குழந்தைக்கு முதலில் கொடுப்பது ஒன்று மட்டிப்பழம், இன்னொன்று ஏத்தங்காய்க் கூழ். முற்றிய ஏத்தங்காயைத் தோல் சீவி, மெல்லிய வட்டமாக நறுக்கி, வெள்ளை வேட்டியில் பரப்பி மொட்டை மாடியில் காயவைப்பார் அம்மா. உடைத்தால் சடக்கென்று ஒடியும் பதம் வரவேண்டும். பிறகு பொடித்துச் சலித்து எடுத்து வைத்துக்கொள்வார். ஒரு கரண்டிப் பொடியைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிண்டினால் கொஞ்ச நேரத்தில் கூழ் பளபளப்பாகி, சட்டியின் ஓரத்தைவிட்டு உருண்டு வரும். கருப்பட்டி சேர்ப்பது ஊர் வழக்கம். நான் வேண்டாம் என்றதும் அம்மா, “இனிப்பு இல்லாம எப்படி மக்களே இறங்கும்?” என்றார். இறங்கியது. இனிப்பு தெரியாத குழந்தைக்கு ஏத்தங்காயின் சுவையே போதுமானது. இரண்டு வயதுவரை வெல்லம், கருப்பட்டி, சர்க்கரை எதுவும் தேவையில்லை.

கூழ் முறையின் பெரிய பலம், எவ்வளவு உள்ளே போனது என்பது நமக்குத் தெரிவது. பெரிய பலவீனம் தண்ணீர். பருப்புத் தண்ணீர், வடித்த கஞ்சி, ரசத் தெளிவு என்று நீர்த்ததையே பல வீடுகளில் மாதக்கணக்கில் கொடுக்கிறார்கள். குழந்தையின் இரைப்பை ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 மில்லி மட்டுமே கொள்ளும். ஏழு கிலோ குழந்தை என்றால் ஒரு தடவைக்கு 210 மில்லி. அதைப் பருப்புத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் வயிறு நிறைந்துவிடும், சத்து சேராது. ஆறு முதல் எட்டு மாதத்தில் தாய்ப்பாலுக்கு மேல் நாளுக்குச் சுமார் 200 கலோரி உணவிலிருந்து வரவேண்டும். ஒரு குழந்தை மருத்துவர் சொல்லிக்கொடுத்த சோதனையை இன்றும் எல்லோருக்கும் சொல்கிறேன்: கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். வழிந்து ஓடினால் அது பானம். கரண்டியில் ஒட்டிக்கொண்டு நின்றால்தான் உணவு. அரைக் கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட்டால் அளவு கூடாமலே சக்தி கூடும்.

கேழ்வரகில் இதற்கு நம் பாட்டிமார் ஏற்கெனவே வழி வைத்திருக்கிறார்கள். முளைகட்டி, நிழலில் உலர்த்தி, வறுத்து அரைத்த மாவு சாதாரண மாவைப் போலச் சட்டென்று இறுகாது. முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுவதே காரணம். அதனால் அதே கிண்ணத்துக்குள் அதிக மாவு சேர்த்தாலும் குழந்தை விழுங்கும் பதத்தில் கூழ் கிடைக்கும். இரும்புச் சத்து உடலில் சேருவதைத் தடுக்கும் பைட்டேட்டும் முளைகட்டினால் குறையும். ஊறவைத்து அரைத்துத் துணியில் வடிகட்டும் கேழ்வரகுப் பால் முதல் சில வாரங்களுக்கு நல்லது. அதையே தொடர வேண்டாம். வடிகட்டும்போது தோலோடு சுண்ணாம்புச் சத்தில் ஒரு பங்கும் துணியிலேயே தங்கிவிடுகிறது.

கூழ் முறையில் நான் முழுதாக எதிர்ப்பது ஒன்றைத்தான். குழந்தையைக் காலில் மல்லாக்கப் போட்டு, கன்னத்தை அழுத்தி, சங்காலோ பாலாடையாலோ ஊற்றுவது. அழும் குழந்தை மூச்சை இழுக்கும்போது கூழ் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். கைபேசியில் பாட்டு ஓடவிட்டு, வாய் திறக்கும் நேரம் பார்த்துத் திணிப்பதும் இதன் இன்னொரு வடிவம்தான். பசியும் நிறைவும் குழந்தையின் உடம்பு சொல்லும் செய்தி. அது வாயை மூடிக்கொண்டால் சாப்பாடு முடிந்தது.

இனி அரைப்பதைப் பற்றி. மிக்ஸியில் அடித்த சாதமும் கையால் மசித்த சாதமும் ஒன்றில்லை. மிக்ஸி எல்லாவற்றையும் பசையாக்கிவிடும். பருக்கை, கேரட், கீரை எதுவும் நாக்குக்குத் தனியாகத் தெரியாது. கையால் மசிக்கும்போது கொஞ்சம் கொரகொரப்பு மிஞ்சும். வாரத்துக்கு வாரம் மசிப்பதை நாமே குறைத்துக்கொண்டு போகலாம், சூடும் விரலுக்குத் தெரிந்துவிடும். பிரிட்டனில் ஏவான் பகுதிக் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வில், ஒன்பது மாதத்துக்குப் பிறகே கட்டியுள்ள உணவைக் கண்ட குழந்தைகள் ஏழு வயதிலும் காய், பழம் குறைவாகச் சாப்பிட்டதும், சாப்பாட்டில் அதிகம் அடம்பிடித்ததும் தெரியவந்தது. ஒன்றரை வயதிலும் இட்லியைப் பாலில் கரைத்துக் கொடுத்தால்தான் விழுங்கும் பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். ஆகவே எட்டாம் மாதம் வரும்போது மிக்ஸியைக் குழந்தைச் சாப்பாட்டுக்கு எடுக்காதீர்கள். பருப்பு சாதத்தைக் குழைய வடித்து, விரலால் மசித்து ஊட்டும் நம் வழக்கத்தை எந்தப் புத்தகத்துக்காகவும் விட வேண்டியதில்லை.

இளையவனுக்கு நான் கைக்கொண்ட முறையைப் பிரிட்டனைச் சேர்ந்த கில் ராப்ளி 2008-இல் டிரேசி மர்க்கெட்டுடன் எழுதிய புத்தகம் உலகெங்கும் பரப்பியது. கரண்டியும் கூழும் இல்லாமல், கையில் பிடிக்கும் அளவில் உணவை முன்னால் வைத்தால் குழந்தை தானே எடுத்துச் சாப்பிடும் என்பதுதான் அடிப்படை. ஆறு மாதக் குழந்தை உள்ளங்கையால்தான் பிடிக்கும், மூடிய கைக்குள் இருப்பதைத் தின்னத் தெரியாது. எனவே துண்டு நம் சுட்டு விரல் நீளம் இருந்து, பாதி கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்பதாம் மாதத்தில் கட்டை விரலும் சுட்டு விரலும் சேர்த்துப் பொறுக்கத் தொடங்கியதும் சிறு துண்டுகளுக்கு மாறலாம்.

மாமியார் முதல் நாளே கலங்கிவிட்டார். “ஏங்கண்ணு, இப்படி முழுசாக் கையில குடுத்தா தொண்டையில சிக்கிக்காதா?”

“விரல்ல அமுக்கிப் பாருங்க அத்தை, எப்படி நசுங்குதுன்னு,” என்று துண்டை அவர் கையில் கொடுத்தேன். கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே அழுத்தமில்லாமலே நசுங்கியது. இந்த முறைக்கு அளவுகோல் அதுதான். ஆவியில் வெந்த பரங்கி, கேரட், சர்க்கரைவள்ளி, வெந்த ஏத்தன்பழம், நீளமாகக் கீறிய இட்லி எல்லாம் அந்தச் சோதனையில் தேறும். பச்சைக் கேரட், ஆப்பிள் துண்டு, முழுத் திராட்சை, முழுக் கடலை, பொரி எதுவும் தேறாது.

அத்தையின் பயம் நியாயமானது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தார் 206 தாய்மாரை இரண்டு குழுவாகப் பிரித்து இதை ஆராய்ந்தார்கள். 2016-இல் வந்த முடிவில், தானே எடுத்துச் சாப்பிட்ட குழந்தைகளுக்கும் கரண்டியில் ஊட்டப்பட்டவர்களுக்கும் மூச்சடைப்பில் வேறுபாடு இல்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தானே சாப்பிட்ட குழுவின் பெற்றோருக்கு எந்த உணவு ஆபத்து, எதை எப்படி வெட்டுவது என்று முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தக் கல்வி இல்லாமல் கைபேசியில் பார்த்ததை வைத்துத் தொடங்குவது வேறு விஷயம்.

குமட்டலையும் மூச்சடைப்பையும் பிரித்தறிய வேண்டும். குழந்தைக்குக் குமட்டும் இடம் நாக்கில் நம்மைவிட முன்பக்கம் இருக்கிறது. துண்டு கொஞ்சம் உள்ளே போனாலே முகம் சிவந்து, ஓக்கரித்து, இருமி வெளியே தள்ளிவிடும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அது காப்பு. அப்போது விரலை விட்டு எடுக்கப்போனால் உள்ளே தள்ளிவிடுவோம். உண்மையான மூச்சடைப்பில் சத்தமே வராது. இருமல் இல்லை, அழுகை இல்லை, உதடு நீலமாகும். அதனால் சாப்பிடும் குழந்தையை ஒரு நிமிடம்கூடத் தனியே விடக்கூடாது.

இந்த முறையில் என் கவலை மூச்சடைப்பைவிட இரும்புச் சத்தில்தான் இருந்தது. பிறக்கும்போது கொண்டுவந்த இருப்பு ஆறாம் மாதவாக்கில் தீர்ந்துவருகிறது, தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. பரங்கியையும் கேரட்டையும் சப்பிக்கொண்டிருக்கும் குழந்தை மகிழ்ச்சியாக இருக்கும், இரும்பு மட்டும் கிடைக்காது. ஒடாகோ ஆய்விலேயே ஒவ்வொரு வேளையும் இரும்பு மிகுந்த ஓர் உணவை வைக்கச் சொன்னார்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இவர்களில் பெரும்பாலோர் கரண்டியிலும் கையாலும் ஊட்டப்பட்டவர்கள்தான். நம் கூழிலும் அதே ஓட்டை இருக்கிறது.

நான் செய்தது, காலையில் இளையவன் தானே எடுத்துச் சாப்பிட, மதியம் நான் ஊட்டுவது. மதிய உணவில் நன்றாக வெந்த முட்டை, அல்லது முள் எடுத்து உதிர்த்த மீன், வாரம் ஒருநாள் மட்டும் கொஞ்சம் வெந்து மசித்த கோழி ஈரல் இருக்கும். அசைவம் இல்லாத வீட்டில் பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, கீரை இவற்றை மசித்து, மேலே எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் இரும்பு கூடுதலாகச் சேரும். அரசுத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை வாரம் இரண்டு முறை ஒரு மில்லி இரும்புச் சத்து மருந்து கொடுக்கிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள்.

டப்பா மாவுக்கு ஒரு நியாயம் உண்டு: இரும்பு சேர்த்திருப்பார்கள். வேலைக்குப் போகும் நாத்தனாருக்கு அது கைகொடுத்தது. சர்க்கரை சேர்த்திருக்கிறதா என்று பின்பக்கம் பார்த்து வாங்கினால் ஒரு வேளைக்குக் கொடுக்கலாம். ஆனால் எந்நாளும் ஒரே சுவை, ஒரே வழவழப்பு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கான உணவை விளம்பரப்படுத்தக் கூடாது என்று 1992-இல் வந்து 2003-இல் திருத்தப்பட்ட சட்டம் தடுக்கிறது. வீட்டுச் சாப்பாட்டின் இடத்தை டப்பா பிடித்துவிடக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். அங்கன்வாடியில் ஆறு மாதம் முதல் தரும் சத்துமாவையும் பலர் வாங்குவதே இல்லை. வாங்குங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வயதுவரை தேன் கூடவே கூடாது, நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் கடும் நோயைத் தரும். உப்பு தனியாக வேண்டாம். பசும்பால் ஒரு வயதுக்குப் பிறகே குடிக்க. முட்டையையும் நிலக்கடலையையும் ஒவ்வாமைக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டியதில்லை. 2015-இல் வெளியான லண்டன் ஆய்வில், ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளில், முதல் வயதிலேயே நிலக்கடலை சாப்பிடத் தொடங்கியவர்களுக்கு அந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது. கடலையை மாவாக அரைத்துக் கூழில் கலந்து கொடுங்கள். கடுமையான கரப்பான் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வேண்டாம் என்று துப்பிய காயை மறுபடி மறுபடி, பத்து தடவைக்கு மேல்கூட, கட்டாயப்படுத்தாமல் வைத்துப் பாருங்கள்.

எந்த முறையை எடுத்தாலும், முதல் கவளத்துக்கு முன் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். மூச்சடைத்த குழந்தையைத் தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறப் போட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு, வெளியே வராவிட்டால் திருப்பி மார்பின் நடுவில் ஐந்து அழுத்தம், பக்கத்தில் இருப்பவர் 108-ஐ அழைக்க வேண்டும். தடுப்பூசிக்குப் போகும் நாளில் செவிலியரிடமோ மருத்துவரிடமோ செய்து காட்டச் சொல்லுங்கள். வீட்டில் ஊட்டப்போகிற பாட்டியையும் கூட அழைத்துப் போங்கள்.