பெற்றவர் மனமும் பிள்ளை மனமும்: பயனுள்ள குறிப்புகள்

1. வீட்டுக்குள் நுழைந்ததுமே ‘ஹோம்வொர்க் முடிச்சியா?’ என்று ஆரம்பிக்க வேண்டாம். வேலை முடிந்து நம் பெங்களூரின் அல்சூர் மெட்ரோவில் இறங்கி, மர்பி டவுன் மார்க்கெட்டில் காய் வாங்கிச் சுமந்து வந்திருப்பீர்கள். முகம் கழுவி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். சமையல் கொஞ்சம் தாமதமானால் ஒன்றும் ஆகிவிடாது.

2. பிள்ளை பேச வரும்போது போனைக் கவிழ்த்து வையுங்கள். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் 1970களில் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்த தாயிடம், சற்று நேரம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்கச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, குரல் கொடுத்தது. அம்மா அசையவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. பேச்சு வராத குழந்தையே அம்மா முகத்தை இப்படிப் படிக்கிறது என்றால், பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் எதை மறைக்க முடியும்?

3. அதனால் மறைக்க வேண்டாம், காரணத்தைச் சொல்லிவிடுங்கள். ‘ஆபீஸ்ல ஒரு பிரச்னை கண்ணு, அம்மா டென்ஷனா இருக்கேன். உன் மேல கோபம் இல்ல.’ சொல்லாவிட்டால், தன்னால்தான் அம்மா இப்படி இருக்கிறாள் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். என்னைக் கேட்டால், இந்தப் பட்டியலிலேயே இதுதான் முக்கியம்.

4. கத்திவிட்டீர்களா? அன்றைக்கே, படுக்கும் முன் கூப்பிட்டு ‘அப்பா கத்தினது தப்பு’ என்று சொல்லுங்கள். மரியாதை குறையாது.

5. ஒற்றை அறை வீட்டில் வாடகை, சீட்டுப் பணம், கடன் என்று வாக்குவாதம் வந்தால், போர்வைக்குள் இருக்கும் பிள்ளை தூங்கிவிட்டதாக நம்பாதீர்கள். இருவரும் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுங்கள்.

6. தூக்கத்தைக் குறைக்காதீர்கள். இரவு பாத்திரம் கழுவுவதைக் கணவரும் பகிரட்டும்.

7. பிரசவத்துக்குப் பிறகு இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, பயம், குழந்தையிடம் ஒட்டாத தன்மை நீடித்தால், ‘பச்ச உடம்பு, சரியாயிடும்’ என்று விடக்கூடாது. நம் பெங்களூர் நிமான்ஸ் மனநல மருத்துவமனையில், தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் சேர்த்தே வைத்துச் சிகிச்சை தரும் பிரிவு 2009 முதல் இருக்கிறது.

8. யாரிடமாவது பேசியே ஆகவேண்டும் போலிருந்தால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மனஸ்’ தொலைபேசி மனநலச் சேவை இது. இரவு பகல் எப்போதும் இலவசம். தமிழிலேயே பேசலாம்.