பியூஸ் போகாதது நல்ல செய்தி அல்ல

கேள்வி: அவிநாசி பக்கம் ஓலைச் சாளையில் குடியிருக்கிறோம். பனியன் கம்பெனியில் பீஸ் வாங்கிவந்து வீட்டிலேயே ஓவர்லாக் அடிக்கிறேன். பல்பு ஹோல்டரிலிருந்து இழுத்த ஒயரில்தான் மெஷின், ஃபேன், டி.வி. எல்லாம் ஓடுகின்றன. அடிக்கடி பியூஸ் போகும். பக்கத்து வீட்டு அண்ணன் தடித்த கம்பி போட்டபின் போவதே இல்லை. ஆனால் கூரையோரம் ஒயரை முறுக்கிய இடம் தொட்டால் சுடுகிறது. டிரிப்பர் வைத்துவிட்டால் பயமில்லைதானே?

பதில்: டிரிப்பர் வையுங்கள், ஆனால் இந்தப் பயம் அதனால் போகாது. அந்த ஒயரைத் தொட்டுப் பார்ப்பதை விடுங்கள். மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்து இன்றே கழற்றிவிடுங்கள்.

அண்ணன் நல்ல மனதோடுதான் செய்திருப்பார். ஆனால் பியூஸ் கம்பி உருகுவதற்காகவே இருப்பது. அது தடித்துவிட்டால் ஒயர்தான் உருகும். டிரிப்பர் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டும். ஷாக்கிலிருந்து உயிரைக் காக்க அது வேண்டும். முறுக்கிய இணைப்பு தளர்ந்து சுடும்போதோ மின்சாரம் எங்கும் கசிவதில்லை, அளவும் கூடுவதில்லை. பியூஸ், எம்.சி.பி., டிரிப்பர் மூன்றும் சும்மா இருக்கும். மேலே காய்ந்த ஓலை, கீழே கட்டிங் வேஸ்ட். ஒரு பொறி போதும்.

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்தில், வீடியோ விளக்குக்குப் போன ஒயரில் கிளம்பிய தீ ஓலைப் பந்தலைப் பிடித்தது. மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

குடிசைகளுக்கான இலவச மின் இணைப்பே ஒற்றை விளக்குக்காக வந்தது. 2006-க்குப் பின் அரசு டி.வி. கொடுத்தது, 2011-க்குப் பின் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தது. கூடவே ஒயரிங்கையும் மாற்றிக் கொடுத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

மெஷினுக்கு மெயினிலிருந்தே தனி லைன், எர்த்தோடு இழுக்கச் சொல்லுங்கள். சுவரோரமாக பி.வி.சி. பைப்புக்குள், நடுவில் ஒட்டே இல்லாமல் வரட்டும். ஓலையைத் தொடக் கூடாது. குண்டு பல்பு வேண்டாம், எல்.இ.டி. போதும். வேஸ்ட் மூட்டை இரவில் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. கூரையில் தீ பிடித்தால் பீரோவைத் திறக்க நிற்காமல் எல்லோரும் வெளியே வந்து 101-ஐ அழையுங்கள்.

குடிசை இணைப்பை மாற்றினால் பில் எகிறும் என்று ஈபி ஆபீஸ் பக்கம் போகாமல் இருக்காதீர்கள். வீட்டு இணைப்புக்கு மாறினாலும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். தையலுக்கு எந்தக் கட்டணம் என்று மெஷின் இருப்பதைச் சொல்லியே கேளுங்கள். மறைத்தால் அந்த ஹோல்டர் ஒயரிலேயேதான் தைத்துக்கொண்டிருப்பீர்கள்.