அடைபட்ட வீட்டுக்கு உதவி எட்டிய விதம்



2020 மார்ச் 23ஆம் திகதி, வீட்டிலேயே இருக்குமாறு பிரித்தானிய மக்கள் பணிக்கப்பட்டனர். கொரோனாவிலிருந்து காக்க வந்த இவ்விதி, அடிக்கும் கணவனோடு வாழ்ந்த பெண்ணை அவனுடனேயே அடைத்து வைத்தது. வேலைக்கோ பிள்ளையின் பாடசாலைக்கோ போகும் வழியில் தனியாகத் தொலைபேசி எடுக்கும் வாய்ப்பும் போயிற்று. அந்நிலையில் உதவிச் சேவைகள் மாறிய விதத்தில் நமக்கும் ஒரு பாடம் உண்டு.

முதலாவது, வெளியேறும் வழி. கொடுமைக்குத் தப்பி வீட்டை விட்டுச் செல்வோரை இவ்விதி தடுக்காது என்று உள்துறை அமைச்சு தெளிவுபடுத்தியது. 2020 ஏப்ரலில் புகையிரத நிறுவனங்கள், காப்பகம் செல்வோருக்கு இலவசப் பயணம் வழங்கின.

இரண்டாவது, கேட்கும் இடம். திறந்திருந்த சில கடைகளில் மருந்துக்கடையும் ஒன்று. 2020 மார்ச்சில் ஸ்பெயினின் கனாரித் தீவுகளில், மருந்துக்கடையில் 'முகக்கவசம் 19' என்று கேட்டால் உதவி தேவை எனப் பொருள் என்று ஏற்பாடு செய்தனர். பிரான்சிலும் மருந்துக்கடைகள் இப்பணியில் இறங்கின. பிரித்தானியாவில் 2021 ஜனவரி 14 அன்று 'அனி' என்ற குறிச்சொல் அறிமுகமானது. அனியைக் கேட்டு வந்தவரைத் தனியறைக்கு அழைத்து, பொலிசாரா உதவிச் சேவையா வேண்டும் என்று ஊழியர் விசாரித்தனர்.

மூன்றாவது, பேசாமல் கேட்கும் முறை. பல அமைப்புகள் இணையவழி எழுத்து உரையாடலைப் பெருக்கின. முன்பே இருந்த ஒரு வழியும் மக்களுக்கு நினைவூட்டப்பட்டது. கைத்தொலைபேசியில் 999ஐ அழைத்துப் பேச முடியாவிட்டால், இருமலாம் அல்லது தட்டலாம். கேட்கும்போது 55ஐ அழுத்தினால் பொலிசாருக்கு இணைப்பார்கள். ஆனால் 55ஐ அழுத்துவதால் மட்டும் நாம் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிடாது.

நோய்க்காலத் தடைகள் நீங்கிவிட்டன. எனினும் மொழி தெரியாமல், விசாவுக்குக் கணவனை நம்பி, தொலைபேசியும் சோதிக்கப்படும் நிலையில் வாழும் நம் சகோதரிக்கு இன்றும் அதே அடைப்புத்தான். அவர் தனியே நாலு பேரைக் காணும் இடம் நமது கோயில் மட்டுமாகவும் இருக்கலாம். பாதிக்கப்பட்டவர் ஏற்கெனவே போய்வரும் இடத்தில் உதவியை வைக்கவேண்டும் என்பதே மருந்துக்கடைகள் காட்டிய பாடம்.

ஆகவே ஒருவர் நம்மிடம் வாய் திறந்தால், 'வீட்டு விடயம்' என்று தட்டிக்கழிக்க வேண்டாம். கணவனிடம் பேசிச் சமாதானம் செய்யவும் முற்பட வேண்டாம்; அது அவருக்கே ஆபத்தாக முடியலாம். அவர் கைபேசிக்குச் செய்தி அனுப்பாமல், நேரில் தனியாகச் சொல்லுங்கள்: பெண்களுக்கான தேசிய உதவித் தொலைபேசி 0808 2000 247, இலவசம், 24 மணி நேரமும் இயங்குகிறது, மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.

கேட்டதை ஊருக்குச் சொல்லாமல் காப்பதும் நமது கடமை.