யந்திரங்களின் பாஷை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலும் வாழ்வளிக்கிற சிவகாசியில், அச்சு யந்திரத்தின் உருளையோ பற்சக்கரமோ பழுதுபட்டால் லேத் பட்டறையைத்தான் நாடவேண்டியிருக்கிறது. அப்பட்டறைகளில் கைப்பழக்கத்தால் தேர்ந்த டர்னர்களிடையேயும், பிள்ளைகளை ஐ.டி.ஐ.யில் சேர்க்க நினைக்கும் விருதுநகர் வட்டாரத்துப் பெற்றோரிடையேயும், கணிப்பொறி இயக்கும் சி.என்.சி. யந்திரங்களைப் பற்றிச் சில தவறான அபிப்பிராயங்கள் வேரூன்றிவிட்டன.

ஆங்கிலப் புலமையும் பட்டமும் இல்லாதவனுக்கு அவற்றை இயக்கும் புரோகிராம் பிடிபடாது என்பது அவற்றுள் ஒன்று. ஜி00 என்றால் வேகமாக நகர், ஜி01 என்றால் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு செல், ஜி02 என்றால் வலஞ்சுழியாக வளை, எம்03 என்றால் ஸ்பிண்டிலைச் சுழற்று. சில எழுத்துக்களும் எண்களுமே அதன் சொற்களஞ்சியம். பத்தாம் வகுப்புத் திரிகோணமிதி தெரிந்தவனுக்கு அது எட்டாத வித்தையன்று.

ஒரு யந்திரத்தில் பழகியவனுக்கு எல்லா யந்திரமும் ஒன்றே என்ற நம்பிக்கைதான் மிகுந்த அபாயமுடையது. 1982-ல் வெளியான ஐ.எஸ்.ஓ. 6983 தரவிதி பொது இலக்கணம் ஒன்றை வகுத்ததேனும், சில குறியீடுகளைத் தயாரிப்பாளர்களின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. அதனால், ஃபானுக் கட்டுப்பாட்டுடைய லேத்தில் ஜி71 என்பது உலோகத்தை அடுக்கடுக்காகச் சீவும் ரஃபிங் சுழற்சியைக் குறிக்க, சீமென்ஸ் கட்டுப்பாட்டில் அதே ஜி71 மில்லிமீட்டர் அளவையைக் குறிக்கிறது. தசமப்புள்ளியின் விஷயம் இதனினும் நுட்பமானது. ஃபானுக் யந்திரங்கள் பலவற்றில், எக்ஸ்50 என்று தசமப்புள்ளியின்றி எழுதினால் 50 மைக்ரான், அதாவது 0.05 மி.மீ., என்றே பொருள்படும். சீமென்ஸில் அது 50 மி.மீ. ஆகவே, சீமென்ஸுக்கு எழுதியதை அப்படியே ஃபானுக்கில் ஓட்டினால், 50 மி.மீ. விட்டத்தில் நிற்கவேண்டிய டூல், சுழலும் ஜாபின், அதாவது வெட்டப்படும் உலோகத்தின், மையத்தை நோக்கிப் பாய்ந்துவிடும். டூல் முறிவதோடு, அருகில் நிற்பவனுக்கும் ஆபத்து நேரலாம்.

மென்பொருளே புரோகிராமை எழுதிவிடுகிறபோது தொழிலாளியின் அறிவு எதற்கு என்று கேட்பாரும் உளர். இக்கேள்வி புதியதன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1952-ல் துளையிட்ட நாடாவால் இயங்கும் மில்லிங் யந்திரத்தைக் காட்டினார்கள். டக்ளஸ் ராஸ் தலைமையில் அங்கே உருவான ஏ.பி.டி. என்ற பாஷை 1959-ல் பத்திரிகையாளர் முன் வெளியிடப்பட்டு, அதைக்கொண்டு செதுக்கிய அலுமினியச் சாம்பல் கிண்ணங்கள் ஞாபகார்த்தமாக வழங்கப்பட்டன. வடிவத்தைச் சொன்னால் பாதையைக் கணிப்பொறியே கணித்துவிடும் என்ற நிலை அன்றே வந்துவிட்டது. ஆயினும் சக்கில் ஜாப் தளர்ந்திருப்பதையோ, டூலின் முனை மழுங்கியிருப்பதையோ அந்தக் கணிதம் அறியாது. 50 மி.மீ. விட்டமுள்ள தண்டை நிமிடத்துக்கு 100 மீட்டர் வேகத்தில் வெட்ட, நிமிடத்துக்குச் சுமார் 637 சுற்றுக்கள் வேண்டும் என்பது சூத்திரம். கையிலுள்ள வார்ப்பிரும்புக்கு அந்த வேகம் தகுமா என்று நிர்ணயிப்பது, சீவலின் நிறத்தையும் சத்தத்தையும் கொண்டு உலோகத்தை எடைபோடத் தெரிந்த பழைய டர்னரின் அனுபவமே.

ஆதலால், புதிய யந்திரம் வாங்குகிற பட்டறை முதலாளிகளுக்கு ஒரு விண்ணப்பம்: அதில் உங்கள் பழைய டர்னரையே நிறுத்துங்கள், அந்த யந்திரத்துக்குரிய கையேட்டை அவர் கையில் கொடுத்து, முதல் புரோகிராமை ஜாப் இல்லாமல், சிங்கிள் பிளாக்கில், வரிவரியாக ஓட்டிப்பார்க்க வேண்டிய அவகாசத்தையும் கொடுங்கள்.